ஆந்தைத் தீவுக்குப் படம் போட்ட காலம்

ஓவியர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள் என்று பையன்கள் வந்து கேட்டுவிட்டுப் போன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அவர்கள் இப்போது கம்ப்யூட்டரில் ஒரு பொம்மையை ஒருமுறை வரைந்துவிட்டால் போதும். அதையே திருப்புகிறார்கள், சின்னதாக்குகிறார்கள், பிடிக்காவிட்டால் ஒரு தட்டில் அழிக்கிறார்கள். "இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி சார் படக்கதை போட்டீங்க?" என்று கேட்டார்கள். பயந்து பயந்து போட்டோம் என்றேன். அதையே எழுதுங்கள் என்றார்கள்.

எழுதினால் பழைய ஆள்களின் பிள்ளைகள் யாராவது படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்களோ என்று பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றிய பெயரில் யாராவது இருந்து தொலைப்பார்களோ என்றும் கவலையாக இருக்கிறது. பிழைகள் இருந்தால் மலர்க் குழுவினர் திருத்திக்கொள்ள வேண்டும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். வறுமையால் நின்றேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். ஆனால் முழுப்பரீட்சைக்கு முதல் நாள் எனக்குப் பயத்தில் காய்ச்சல் வந்தது. மறுவருஷமும் அதே நாளில் வந்தது. "இவன் ஒடம்புக்குப் பரீட்சை ஒத்துக்கலடி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பா என்னைப் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு டிசைன் பட்டறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

பட்டுப்புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் கட்டம் போட்ட தாளில் படம் எழுதித் தருகிற இடம் அது. மயில், மாங்காய், யானை, அன்னம். அங்கே நான் கழித்த வருஷங்களை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். முதலில் பென்சிலால் புள்ளி வைத்து உருவம் தேட வேண்டும். உருவம் கிடைத்ததும் மேஸ்திரி பார்த்துத் தலையாட்டினால் மை போடுகிறவர் அதன்மேல் கோடு இழுப்பார். கோடு காய்ந்தபின் பன் ரொட்டித் துண்டால் தேய்த்து, மிச்சம் இருக்கும் புள்ளி எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட வேண்டும். புள்ளி என்றால் யோசனை, கோடு என்றால் முடிவு. தவறிப்போய் ஒரு புள்ளி தாளில் தங்கிவிட்டால், தறியில் மயிலுக்கு மூக்கு முளைக்காத இடத்தில் மூக்கு முளைத்துவிடும்.

எனக்கு அங்கே மை போட்டுக் கொடுத்தவர் வெங்கடய்யா அண்ணன். வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக்காரக் குடும்பம். அவர் இழுத்த கோட்டில் நடுக்கம் கண்டவர் கிடையாது. எனக்கோ பென்சிலைத் தொட்டாலே நடுக்கம். அதனால் எங்கள் இருவருக்கும் நன்றாகப் பொருந்தியது.

அறுபதுகள் முடிகிற சமயம், கல்யாணப் பத்திரிகையும் கோவில் நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த அச்சாபீஸ் முதலாளி நமசிவாயம் ஒருநாள் பட்டறைக்கு வந்தார். 'ஆந்தைத் தீவு' என்ற மாயாஜால நாவல் வரிசையைப் படக்கதையாகப் போட அனுமதி வாங்கியிருப்பதாகச் சொன்னார். ஆந்தைத் தீவு என்றால் அப்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் அதைப் பற்றி அடித்துக்கொள்வார்கள். ஏழு தலைக் கூகைவேந்தன் ஒரு தீவை ஆள்கிறான். அங்கே கோபுரத்தில் இளவரசி மேகமாலினி சிறையிருக்கிறாள். அவளை மீட்க இளஞ்சூரியன் என்ற படகோட்டி போகிறான். பாகம் பாகமாகப் போய்க்கொண்டே இருந்தான்.

"மயிலு வரையறவனுக்கு ஆந்தை வரையறது பெரிய விஷயமா?" என்று கேட்டு என்னையும் வெங்கடய்யா அண்ணனையும் கூட்டிப்போனார். மேஸ்திரி, "பொம்மை போடப் போறவன் திரும்பி இந்தப் படி ஏறக் கூடாது" என்று சொல்லி, நான் செருப்பு மாட்டுவதற்குள் என் இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. ஆந்தைத் தீவு முழுகினால் நானும் முழுகினேன் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எப்போது வேண்டுமானாலும் முழுகலாம் என்பதும் தெரிந்தது. எழுத்தாளர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒவ்வொரு பாகமும் வெளிவந்ததும் பார்ப்பார். படம் தன் கதைக்கு ஒவ்வாது என்று தோன்றினால் அந்த நிமிஷமே வரிசையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

முதலாளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டமாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரண நாளில் "டேய் ஏகாம்பரம்." லேசான வருத்தம் என்றால் "ஏகாம்பரம்." கடுமையான கோபம் என்றால் "வாங்க ஏகாம்பரம், உக்காருங்க, ஒரு காப்பி சாப்பிடுங்க." அந்த ஆபீசில் நான் குடித்த காப்பி எதுவும் எனக்கு உடம்பில் ஒட்டியதில்லை.

நாவலைப் படமாக்கும் முறையை அவரே உண்டாக்கினார். காகிதக் கட்டுகளைச் சுற்றி நடந்துகொண்டே புத்தகத்தை உரக்கப் படிப்பார். கையில் சிவப்புப் பென்சில் இருக்கும். பேச்சு வந்தால் கோடு போடுவார், அது வாயருகே பலூன் மாதிரி வரும் வசனக் கூட்டுக்குள் போகும். செய்கை வந்தால் வட்டம் போடுவார், அது படம். வர்ணனை வந்தால் முழுப் பத்தியையும் குறுக்கே அடித்துவிடுவார். "இது உன் வேலை. நீ வரைஞ்சிட்டா அவர் எதுக்கு அதைச் சொல்லணும்?" என்பார்.

"ஒரு கட்டத்துல ஒருத்தன் ஒரு காரியந்தான் செய்யணும்டா. கதவைத் தொறந்தான், உள்ள வந்தான், ஒக்காந்தான், அழுதான்னு எழுத்தாளர் ஒரே வரியில எழுதிட்டுப் போயிடுவாரு. நமக்கு அது நாலு கட்டம்."

"நாலு கட்டத்துலயும் கதவு ஒரே மாதிரி இருக்கணுமாங்க?"

"ஒரே கதவுன்னா ஒரே மாதிரிதான்டா இருக்கும்."

இது எனக்குப் பெரிய இடி. டிசைனில் ஒரு மயிலை ஒருமுறை வரைந்தால் தறி அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொள்ளும். இங்கே ஒரே ஆளை நானே நூறுமுறை வரைய வேண்டும், நூறுமுறையும் அவன் அவனாகவே இருக்க வேண்டும். இளஞ்சூரியனுக்கு மச்சம் இடது கன்னத்திலா வலது கன்னத்திலா என்று பாதி ராத்திரியில் எழுந்து உட்காருவேன். என் மனைவி கௌரி, "அவன் மச்சத்தை நெனச்சிக்கினு இருக்கீங்க, என் மச்சம் எங்கன்னு தெரியுமா?" என்று கேட்டாள். யோசித்தேன். யோசித்ததற்குச் சண்டை வந்தது.

உருவம் எப்படி நிற்கும் என்று எனக்கு விளங்காவிட்டால் முதலாளியே நின்று காட்டுவார். கூகைவேந்தன் சிரிக்கும்போது மேஜைமேல் ஏறி நின்று சிரித்தார். பாட்டு நோட்டீஸ் அடிக்க வந்த ஒரு பஜனைக் கோஷ்டிக்காரர் வாசலிலேயே திரும்பிப் போய்விட்டார்.

முதல் இரண்டு பாகங்களும் நல்லபடியாகப் போயின. ஏழு தலைகளைப் பற்றியோ பறக்கும் படகைப் பற்றியோ ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூரத்திலிருந்து ஒரு தறிக்காரர் மட்டும் புத்தகத்தோடு வந்தார்.

"யாருப்பா இத்த வரைஞ்சது?"

எழுந்து நின்றேன். "நான்தாங்க. ஆந்தை சரியில்லீங்களா?"

"ஆந்தை இன்னா வேணா பண்ணிட்டுப் போவட்டும். இந்த எளவரசியோட அம்மா மகாராணி மூணாம் பக்கத்துல கட்டிக்கினு இருக்குற பொடவைக்கு ஒரு கரை பெருசு, ஒரு கரை சின்னது. அஞ்சாம் பக்கத்துல ரெண்டும் பெருசு. அழுதுக்கினே ஓடுறா. ஓடுறப்போ எந்தத் தறியில பூந்து மாத்திக்கினா?"

"மந்திரத் தீவுங்க..."

"மந்திரந்தான்பா. பொடவையிலயுமா?"

இந்த மாதிரிச் சங்கடங்கள் பரவாயில்லை. நிஜமான சங்கடம் மூன்றாம் பாகத்தில் வந்தது.

அதுவரை மேகமாலினியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அவள் வரமாட்டாள். மூன்றாம் பாகத்தில் இளஞ்சூரியன் கோபுரத்தை அடைகிறான். அதற்கு முன்பே ஒரு சூனியக்காரி அவளுக்கு மாயப் பட்டு ஒன்றைக் கொடுத்துவிடுகிறாள். அதைச் சுற்றிக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டாள். பாகம் முடியும்வரை சுற்றிக்கொண்டேதான் இருக்கிறாள். அவளோடு பேசுகிறார்கள், அவள் பேசுகிறாள், ஓடுகிறாள், அழுகிறாள், காதலிக்கிறாள். எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

முதலாளி படித்து முடித்துவிட்டுக் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"எழுத்துல சொகமா எழுதிட்டாரு. நாம இன்னாடா பண்றது? அவளை வரைஞ்சா கண்ணுக்குத் தெரியாதவ இல்ல. வரையலன்னா புஸ்தகத்துல ஆளே இல்ல."

"வெறும் நகை மட்டும் பறக்குற மாதிரி போடலாமுங்களா?"

"நகைக்கடை நோட்டீஸ் மாதிரி இருக்கும்."

"காலடித் தடம்?"

"பாகம் பூரா காலடியா? தொலைஞ்ச மாட்டைத் தேடுற கதைன்னு நெனப்பான்."

இன்னொரு கஷ்டமும் இருந்தது. அவள் எப்படி இருப்பாள் என்று எழுத்தாளர் எங்கேயும் சொல்லியிருக்கவில்லை. புத்தகத்தில் படமும் கிடையாது. அவள் பெயர் வரும் இடமெல்லாம் "அவளுடைய அழகை வர்ணிக்க வார்த்தைகளே இல்லை" என்று இருக்கும். முதலாளியின் சிவப்புப் பென்சிலுக்கு அங்கே அடிப்பதற்கே ஒன்றும் இல்லை.

கடைசியில் எனக்கு ஒரு வழி தோன்றியது. அவளை முழுக்கோட்டால் வரையாமல் புள்ளிபுள்ளியாக வரைந்தால் என்ன? மற்றவர்கள் கண்ணுக்கு இல்லை, வாசகன் கண்ணுக்கு இருக்கிறாள். முகத்தையும் தெளிவாகக் காட்ட வேண்டியதில்லை. முதலாளி எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். முதுகில் தட்டுகிறாரே, ஏதோ நடக்கப்போகிறது என்று அப்போதே எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் வழக்கப்படி வசனங்களை முதலாளி முதலிலேயே எழுதிவிடுவார். பிறகு நான் பென்சிலில் படம் போடுவேன். அதன்மேல் வெங்கடய்யா அண்ணன் மை போடுவார். படத்தை அச்சுத் தகடாக்கும் பிளாக் வேலைக்கு மெட்ராசுக்கு பஸ்ஸில் அனுப்புவோம். வைகாசிக் கருட சேவைக்கு ஊரில் கூட்டம் அலைமோதும், அதற்குள் புத்தகம் கடையில் தொங்க வேண்டும் என்று அவசரம். நான் பென்சில் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, கௌரிக்கு வளைகாப்பு என்று முசரவாக்கத்தில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டேன். முதலாளி அட்டைப்படம் அச்சாகி வருவதை வாங்கிவரச் சிவகாசி போய்விட்டார். புள்ளிகளை மையால் அப்படியே வைக்க வேண்டும் என்று வெங்கடய்யா அண்ணனிடம் முதலாளி சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று முதலாளி நினைத்தார். பிளாக் வந்த கையோடு மிஷின் ஏறிவிட்டது. மிஷின்காரர் மை திட்டாக விழுகிறதா என்று பார்ப்பார், படத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலையில்லை.

முசரவாக்கத்தில் இருந்தபோது நான் கவலைப்படாத விஷயமே இல்லை. அட்டையில் சிவப்பு தூக்கலாகிவிடுமோ, கூகைவேந்தனுக்கு எங்கேயாவது ஆறு தலை போட்டுவிட்டேனோ, பிளாக் பார்சலை பஸ்ஸிலேயே விட்டுவிடுவார்களோ. இந்த ஒன்றை மட்டும் நினைக்கவில்லை.

கௌரியோடு திரும்பி வரும்போது பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் நம் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பெருமையாகத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். இளஞ்சூரியன் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி, ஒரு தூணைப் பார்த்து, "உன் கூந்தலின் மணமே எனக்குப் போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எதிரே யாரும் இல்லை. அடுத்த கட்டத்தில் வெறும் சுவர். சுவருக்குப் பக்கத்தில், "ஐயோ, யாராவது பார்த்துவிடப் போகிறார்கள்" என்று ஒரு வசனக் கூடு. அதன் வால் காற்றில் தொங்கியது. கீழே, "நாணத்தால் அவள் முகம் சிவந்தது" என்று முதலாளியின் அழகான கையெழுத்து.

"என்னாங்க, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள் கௌரி.

"அவளைக் காணோம்."

"எவளை?" என்று அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் காஞ்சிபுரம் வந்துவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஆபீசுக்குப் போனேன். வெங்கடய்யா அண்ணன் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மேகமாலினி எங்க?"

"ஏமய்யா, எந்த மேகமாலினி?"

"புள்ளி வெச்சிருந்தேனே!"

"ஆமாம்பா, புஸ்தகம் பூரா புள்ளி வெச்சிட்டுப் போயிட்ட. ஊருக்குப் போற அவசரத்துல முடிவு பண்ணாம விட்டுட்டியேன்னு நானே எல்லாத்தையும் துடைச்சு எடுத்தேன். ரெண்டு பன்னு தீந்துச்சு. கை நோவு இன்னும் போவல." புத்தகத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஒரு புள்ளி மிச்சம் இருக்குதா, காட்டு பார்ப்போம்!"

ஒரு புள்ளிகூட இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை. எங்கள் பட்டறையில் வளர்ந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நானாக இருந்தாலும் செய்திருப்பேன்.

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். "வாங்க ஏகாம்பரம். வாங்க வெங்கடய்யா. உக்காருங்க. காப்பி சொல்லியிருக்கேன்." எனக்குக் கண் இருண்டது. வெங்கடய்யா அண்ணன் மட்டும், "சர்க்கரை தூக்கலா சொல்லுங்க" என்றார்.

புத்தகத்தைத் திரும்ப வாங்க வழியில்லை. கருட சேவைக் கூட்டத்தில் அது நாலு ஊருக்குப் போய்விட்டது. எழுத்தாளருக்கும் ஒரு பிரதி போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த வாரமே நேரில் வருவதாகச் சொல்லியனுப்பினார். நேரில் வருகிறார் என்றால் வரிசையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகத்தான். கௌரிக்கு மாசம் ஏறிக்கொண்டிருந்தது. பழைய பட்டறைப் படியேற முடியாது. எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. பரீட்சைக்கு முன்னால் வருமே, அதே காய்ச்சல் வந்தது.

அவர் வருவதாகச் சொன்ன நாளில், வரவேண்டிய பஸ் வந்து வெகுநேரம் ஆகியும் அவரைக் காணவில்லை. முதலாளி என்னைத் தேடி அனுப்பினார். எழுத்தாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊர் போனாலும் பஸ் தூசியோடு யார் வாசலையும் மிதிக்கமாட்டார், முதலில் ஒரு சவரம் செய்துகொள்வார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மணியின் சலூனில் எட்டிப் பார்த்தேன். கழுத்தில் துண்டு கட்டி, முகமெல்லாம் நுரையாக, பாதிக் கன்னம் சிரைத்த நிலையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்றாம் பாகம்.

அது சலூன் புத்தகம். காத்திருக்கும் ஆட்கள் படிப்பதற்காக வாங்கிப் போட்டது. காத்திருந்த ஆட்கள் சும்மா இருக்கவில்லை. காலியாகக் கிடந்த கட்டங்களில் எல்லாம் ஆளுக்கு ஒரு மேகமாலினியைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் இரட்டை மூக்குத்தி போட்டவள், அடுத்த பக்கத்தில் குட்டை முடிக்காரி, ஒன்றில் பாவாடை தாவணி, ஒன்றில் மூக்குக் கண்ணாடி. இளஞ்சூரியன் ஒரே பாகத்தில் ஒரு தெருவில் உள்ள பெண்கள் அத்தனை பேரையும் காதலித்துக்கொண்டிருந்தான்.

மணிக்கு இவர் யாரென்று தெரியாது. கத்தியைத் தீட்டிக்கொண்டே விளக்கிக்கொண்டிருந்தான்.

"இந்தக் கண்ணாடி போட்டதை எதிர்க்கடை டெய்லர் வரைஞ்சாரு சார். அவரு சம்சாரம் டீச்சரு. இது ஜட்கா ஓட்டுற பாய் வரைஞ்சது, கை நல்லா இருக்குது, மூஞ்சிதான் கொஞ்சம் குதிரை சாடை. இதோ, தூணாண்ட நிக்குறாளே, இது என்னுது. இதுதான் கரெக்ட் மேகமாலினி. வர்றவங்க எல்லாம் ஒத்துக்குனாங்க."

"கரெக்ட்டுன்னு நீ எப்படிய்யா சொல்றே?" என்றார் எழுத்தாளர். நுரைக்குள் உதடு துடித்தது.

"படிச்சா தெரியுது சார்."

"நான்தான்யா இந்தக் கதையை எழுதினவன்!"

மணி கத்தியை நிறுத்தினான். ஆனால் அசரவில்லை. "எழுதினீங்க, ரொம்ப சந்தோசம் சார். அந்தப் பொண்ணைப் பார்த்திருக்கீங்களா?"

எழுத்தாளர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டார், நான் யாரென்று அவருக்குத் தெரியும். மணியின் காதில் செருகியிருந்த பென்சிலை உருவினார். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. குனிந்து வரைய ஆரம்பித்தார். நுரை காய்ந்து உதிர்ந்தது. காத்திருந்த நாலு பேரும் பெஞ்சியை விட்டு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

வரைந்து முடித்து நிமிர்ந்தார். கத்தரிக்காய் ஒன்றுக்குக் கண் இரண்டு வைத்து, பக்கவாட்டில் ஒரு நீளப் பின்னல் தொங்கவிட்டது போல இருந்தது.

சுற்றி நின்றவர்கள் மணியைப் பார்த்தார்கள். மணிதான் மெதுவாக, "சார், இது கூகைவேந்தனா?" என்றான்.

"மேகமாலினி!"

"அப்படீங்களா. பின்னலு ஜோரா கீது சார்."

எழுத்தாளர் மிச்சக் கன்னத்தை அவசரமாகச் சிரைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு என்னோடு ஆபீசுக்கு வந்தார். வழியெல்லாம் படத்தை எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துக்கொண்டார். முதலாளியிடம் காலிக் கட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஜைமேல் அந்தத் தாளை வைத்தார்.

"இத்தனை வருஷமா வார்த்தை கிடைக்கலன்னு எழுதிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் அவ எப்படி இருப்பான்னு எனக்கே தெரிஞ்சது. நாலாம் பாகத்துல அவ மாயப் பட்டைக் கழற்றிடுறா. எல்லார் கண்ணுக்கும் தெரியப்போறா. இதே மாதிரி வரையணும். இல்லேன்னா நான் வேற இடம் பார்த்துக்கறேன்."

முதலாளி தாளைப் பார்த்தார். "காப்பி சாப்பிடுறீங்களா?" என்று எழுத்தாளரைக் கேட்டார்.

அவர் போன பிறகு நாங்கள் மூவரும் அந்தக் கத்தரிக்காயைச் சுற்றி உட்கார்ந்தோம். சலூனில் நடந்ததை நான் சொன்னேன்.

"இப்படியே போட்டா புஸ்தகத்தை ஒருத்தன் தொடமாட்டான்" என்றார் முதலாளி. "அழகா போட்டா அவர் எடுத்துக்கினு போயிடுவாரு. அழகா போட்டாலும் தப்புதான். டெய்லருக்குப் பிடிச்சா மணிக்குப் பிடிக்காது."

"நம்ம கிட்ட பன்னு இருக்குது" என்றார் வெங்கடய்யா அண்ணன்.

எப்படிச் சமாளித்தாய் என்று பிற்காலத்தில் பலர் என்னைக் கேட்டதுண்டு. ஏதோ யுக்தி செய்ததாக நினைக்கிறார்கள். ஒரு யுக்தியும் இல்லை. பயம்தான். நாலாம் பாகத்தின் முதல் கட்டத்தில் அவள் பட்டைக் கழற்றுகிறாள். முகம் வைக்கக் கை வரவில்லை. சரி, இந்தக் கட்டத்தில் திரும்பி நிற்கட்டும், அடுத்த கட்டத்தில் முகம் வைத்துக்கொள்ளலாம் என்று முதுகுப்பக்கமாக வரைந்தேன். அடுத்த கட்டத்தில் மாடிப்படி ஏறுகிறாள், ஏறுகிறவளைக் கீழேயிருந்து பார்த்தால் முதுகுதானே. அதற்கடுத்ததில் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்கிறாள். அதற்கடுத்ததில் இளஞ்சூரியன் தோளில் சாய்ந்து அழுகிறாள், அழுகிறவள் முகத்தைக் காட்டுவாளா? இப்படி ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே போனதில் பாகம் முடிந்துவிட்டது. முகம் காலியாக இருந்ததால் முதுகில்தான் வேலை செய்ய முடிந்தது. முந்தானையை முழுநீளம் விரித்துத் தொங்கவிட்டு, எனக்குத் தெரிந்த மயில், அன்னம், மாங்காய் எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். பின்னலை மட்டும் எழுத்தாளர் வரைந்தது போலவே, கொஞ்சம் கோணலாக வைத்தேன்.

புத்தகத்தைப் பார்த்த கூரத்துத் தறிக்காரர் இந்தமுறை ஒன்றும் குறை சொல்லவில்லை. "முந்தானை நல்லா உளுந்திருக்குது" என்று மட்டும் சொன்னார். கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு கூட்டம் புத்தகத்தைக் கடையில் விரித்து வைத்து, "இந்த முந்தானை இருக்குதா?" என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன். ஊரில் ஒருவர்கூட, இவளுக்கு முகம் எங்கே என்று கேட்கவில்லை. எழுத்தாளர் வந்தார், பக்கம் பக்கமாகப் பார்த்தார். "பின்னல் நான் போட்ட மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அந்த மாதம் கௌரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதலாளி ஒரு வாரம் லீவு கொடுத்தார்.

அதன்பிறகு கடைசிப் பாகம் வரை அவள் திரும்பவே இல்லை. யாராவது கூப்பிட்டால்கூடத் திரும்பாமலே பதில் சொல்வாள். கடைசிப் பாகத்தில் கல்யாணம். ஆந்தைத் தீவே கூடியிருக்கிறது. விடுதலையான ஜனங்கள் எல்லாம் பூப்போடுகிறார்கள். மாப்பிள்ளை முகத்தில் வேர்வை. மணப்பெண் நெருப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், நாம் பந்தலில் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தப் பக்கம் அச்சேறுவதற்கு முன்பே எழுத்தாளர் பார்க்க வந்துவிட்டார். முதலாளி மிஷின் பக்கம் போயிருந்தார். படத்தில் மை ஈரம் காயவில்லை. எழுத்தாளர் குனிந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏகாம்பரம், யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நீ மனசுல வெச்சிருக்கிற முகம் எது?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"சத்தியமா தெரியாதுங்க. நானும் அவளுக்குப் பின்னாலதான் நின்னுக்கினு இருந்தேன்."

அவர் என்னையே பார்த்தார். நான் வீட்டுக்கு எடுத்துப்போக என்ன சாமான்கள் இருக்கின்றன என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். அவர் மெல்லச் சிரித்தார். பொடி மட்டையை எடுத்து ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்ததும், அடுத்து எழுதப்போகும் கதையையும் இங்கேயே கொடுப்பதாகவும், படம் நான்தான் போட வேண்டும் என்றும் சொன்னார்.

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கதை எதைப் பத்திங்க?" என்று கேட்டார்.

"ஏழு அக்கா தங்கச்சிங்க" என்றார் எழுத்தாளர். "ஏழு பேரும் ஒரே ஜாடை. எவ எவன்னு பெத்த தாய்க்கே தெரியாது."

முதலாளி என் முதுகில் தட்டினார். ஏழு பேருக்கும் மச்சம் எந்தக் கன்னத்தில் என்று நான் அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.